கப்பல் வந்தாச்சு, வண்டி என்ன ரேட்டு?

கப்பல்ல சுற்றுலா போயிட்டு வந்தவங்க யாரையாவது பிடிச்சு, "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் சாப்பாடு, நீச்சல் குளம், பால்கனி ரூம். அடுத்த அரை மணி நேரம் டாக்சிக்காரர் கதைதான். துறைமுக வாசல்ல இத்தனை பேர் மொய்ச்சாங்க, இவ்வளவு கேட்டாங்க, பேரம் பேசிப் பாதிக்கு முடிச்சேன், அப்புறம் விசாரிச்சா அதுவே ரெண்டு மடங்காம்... இப்படியே போகும். பாத்த ஊரைப் பத்தி ரெண்டு வரி, வண்டிக்காரரைப் பத்தி ரெண்டு பக்கம்.

இதுல ஆச்சரியம் என்னன்னா, நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த வெள்ளைக்காரங்க எழுதி வச்ச பயணக் குறிப்புகளும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கு. வண்டி மாறியிருக்கு. புலம்பல் மாறவே இல்லை.

"கொட்டாம்பட்டிக்காரனுக்கு எதுக்குய்யா கப்பல் கதை?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். மதுரை - திருச்சி ரோட்டுல, மேலூரைத் தாண்டித் துவரங்குறிச்சிக்கு முன்னாடி இருக்குற ஊரு நம்மூரு. கடலைப் பாக்கணும்னா தொண்டிப் பக்கம் போகணும். இங்க வர்ற அதிகபட்சத் தண்ணி கண்மாய்த் தண்ணிதான், அதுவும் மழை பெஞ்சா. ஆனா அந்தப் பழைய பயணக் குறிப்புகள்ல வர்ற "ஏமாத்துற ரிக்‌ஷாக்காரன்" யாருன்னு தேடிக்கிட்டே போனா, அது கடைசியில நம்ம பக்கத்து ஆளுகளாத்தான் இருக்கு. அதனாலதான் இந்தக் கட்டுரை. கப்பல்ல இருந்து இறங்கினவன் சொன்ன கதை நிறைய இருக்கு. வண்டியோட நின்னவன் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் பாப்போம்.

மூணு கணக்கு

முதல்ல ஒரு சின்ன விஷயம். நம்மூர் பஸ் ஸ்டாப்புல ராத்திரி பத்து மணிக்கு மேல இறங்கினாலும் ஆட்டோ கிடைக்கும். ஓட்டுற தம்பி முகத்தைப் பாத்ததும், "யாரு, நம்ம வாத்தியார் வீட்டு அண்ணனா? ஏறுங்கண்ணே, குடுக்குறதைக் குடுங்க"ன்னுதான் சொல்லுவாரு. கூடக் கேக்க மாட்டாரு. கேட்டா மறுநாள் காலைல டீக்கடையில நம்ம ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கணுமே!

அதே சமயம், நாற்கர ரோட்டோரம் வெளியூர் பஸ் பத்து நிமிஷம் நிக்கிற ஓட்டல்கள் இருக்கு பாருங்க. அங்க டீ விலையே வேற, அதோட ருசியும் வேற. அங்க டீ ஆத்துறவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவரு கெட்டவர் ஆயிடல. பஸ்ஸுல வந்தவர் மறுபடி அந்தக் கடைக்குத் தேடி வரப் போறதில்லை, அவ்வளவுதான்.

கப்பல் பயணியோட நிலைமை இதை விட மோசம். ஒண்ணு, அவருக்கு ஊரு தெரியாது. ரெண்டு, அவசரம், சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். மூணு, திரும்ப வரவே மாட்டாரு. இந்த மூணும் ஒண்ணு சேந்தா எந்த ஊர்லயும் வாடகை ஏறத்தான் செய்யும். பினாங்கா இருந்தாலும் சரி, கொழும்பா இருந்தாலும் சரி, கொச்சியா இருந்தாலும் சரி. இதைச் சரிக்கட்ட அரசாங்கங்கள் என்னென்ன செஞ்சு பாத்தாங்க, அது யாருக்கு உதவுச்சுங்கறதுதான் இந்த விஷயத்தோட வரலாறு.

அலைக்கு நடுவுல ஒரு பேரம்

சென்னையில இருந்து தொடங்கலாம். அவ்வளவு பெரிய பட்டணத்துக்கு ரொம்ப நாள் வரைக்கும் துறைமுகமே கிடையாது. கப்பல் கரையை விட்டுத் தள்ளிக் கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். அங்கிருந்து கரைக்கு வர்றதுக்கு ஒரே வண்டி மசூலாப் படகு. மரப்பலகைகளைத் தென்னங்கயித்தால தைச்சுக் கட்டுன படகு அது. ஆணி கிடையாது. ஆணி அடிச்ச படகு சென்னை அலையில மோதுனா உடைஞ்சிடும். தைச்ச படகு வளைஞ்சு குடுக்கும். கரைக்கு வந்ததும் படகுக்காரங்க பயணிகளைத் தோள்ல தூக்கிட்டுப் போயி மணல்ல இறக்கி விடுவாங்க. பெரிய துரைமாரெல்லாம் சென்னையில கால் வச்சது இப்படித்தான். பக்கத்துலயே கட்டுமரத்துல ஆளுங்க வருவாங்க, யாராவது தண்ணிக்குள்ள விழுந்தா தூக்கறதுக்கு.

இந்தப் படகுகள் மேல துறைமுக அதிகாரியோட கட்டுப்பாடு இருந்துச்சு. கடல் ரொம்பக் கொந்தளிச்சா கரையில கொடி ஏத்துவாங்க. அதைப் பாத்ததும் படகு போகக் கூடாதுன்னு அர்த்தம். கூலிக்கும் விதி இருந்துச்சு. ஆனாலும் வந்தவங்க குறிப்புகள்ல ஒரே புகார்தான்: குடுத்தது பத்தாதுன்னு மேல கேக்குறாங்க, 'பக்‌ஷீஸ்' கேக்குறாங்க. அடுத்த வரியிலயே, இந்த அலையை இப்படித் தாண்ட உலகத்துல வேற யாராலயும் முடியாதுன்னு பாராட்டும் இருக்கும். அந்த ரெண்டு வரியையும் சேத்துப் படிச்சா, கேட்ட காசு அவ்வளவு அநியாயமான்னு யோசிக்கத் தோணுது.

1861 வாக்குல கடலுக்குள்ள நீட்டி ஓர் இரும்புப் பாலம் கட்டினாங்க. 1870கள்ல கல்லால துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பிச்சுது. 1881 நவம்பர்ல அடிச்ச புயல்ல அது பெரும்பகுதி போச்சு. மறுபடி கட்டி முடிக்கிறதுக்குள்ள நூற்றாண்டே முடியப் போயிடுச்சு. கப்பல் நேரா சுவரோரம் வந்து நிக்க ஆரம்பிச்சதும் மசூலாப் படகுக்காரரோட பொழைப்பும் போச்சு. அவர் இடத்துக்கு ஜட்கா வண்டிக்காரரும் கை ரிக்‌ஷாக்காரரும் வந்தாங்க.

கரி ஏத்துற நேரத்துல ஒரு சுற்றுலா

இப்பக் கொழும்புக்குப் போவோம். கப்பல் நிக்கிற சில மணி நேரத்துல ஊர் சுத்துறதுங்கற இந்தப் பழக்கம் நம்ம பக்கத்துல பெரிசா வளந்தது அங்கதான்.

1869ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. ஐரோப்பாவுல இருந்து கிழக்கே வர்ற கப்பலெல்லாம் இந்த வழியா வர ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் இலங்கையில பெரிய கப்பல் நின்ன இடம் காலி. கொழும்புல 1875 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் (பின்னாடி ஏழாம் எட்வர்ட் ராஜாவானவர்) அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினாரு. பத்து வருஷத்துல சுவர் முடிஞ்சுது. காலியில நின்ன கப்பலெல்லாம் கொழும்புக்கு மாறிடுச்சு. ஆஸ்திரேலியா போறவங்க, சீனா போறவங்க, கல்கத்தா போறவங்க எல்லாரும் இங்க வந்து கப்பல் மாறுவாங்க. லண்டன்ல பல ரயில் பாதைகள் கூடுற கிளாப்ஹாம் ஜங்ஷன் மாதிரி, 'கிழக்கின் கிளாப்ஹாம் ஜங்ஷன்'னே கொழும்புக்குப் பேரு. நமக்குப் புரியுற மாதிரி சொன்னா, கடல்ல ஒரு விழுப்புரம் ஜங்ஷன் :)

அப்பக் கப்பல் ஓடினது நிலக்கரியில. கொழும்புல நின்னு கரி ஏத்தணும். கூடை கூடையா ஆளுங்க சுமந்துதான் கொட்டுவாங்க. பல மணி நேரம் ஆகும். கப்பல் பூரா கரித்தூள் பறக்கும். ஜன்னல் கதவெல்லாம் சாத்தி வச்சாலும் வெள்ளை உடுப்புப் போட்டவங்க உள்ள இருக்க முடியுமா? எல்லாரும் படகு பிடிச்சு, பயணிகள் இறங்குதுறைக்கு வந்திடுவாங்க. இறங்குன இடத்துலயே கிராண்ட் ஓரியண்டல் ஓட்டல். 1890ல ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் வந்து தங்கினாரே, அதே ஓட்டல்தான். வாசல்ல வரிசையா ரிக்‌ஷா.

ரிக்‌ஷா நம்ம ஊரு வண்டி கிடையாது. 1869 - 70 வாக்குல ஜப்பான்ல பிறந்து, அங்கிருந்து ஷாங்காய், சிங்கப்பூர்னு பரவி, 1880கள்ல கொழும்புக்கு வந்து சேந்துச்சு. வந்ததும் கப்பல் பயணிகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏறி உக்காந்தா கோட்டை, புறக்கோட்டை, காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம், மியூசியம் (1877ல திறந்தது) எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வந்திடலாம். இன்னும் கொஞ்சம் நேரமும் காசும் இருந்தா குதிரை வண்டி பிடிச்சுக் கல்கிசை வரைக்கும் போயி கடலோர ஓட்டல்ல மதியச் சாப்பாடு. 1899ல மின்சார டிராம் வந்துச்சு, கோட்டையில இருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும். ஆனா கப்பல்ல வந்தவங்களுக்கு ரிக்‌ஷா மேலதான் மோகம். படம் எடுத்து ஊருக்கு அனுப்பணும்ல! அந்தக் காலக் கொழும்பு போஸ்ட் கார்டுகள்ல ரிக்‌ஷா இல்லாத கார்டைத் தேடித்தான் பிடிக்கணும்.

அந்தப் படங்கள்ல தொப்பி வச்சு உக்காந்திருக்கறவரை எல்லாரும் பாப்பாங்க. முன்னாடி ரெண்டு கம்புக்கு நடுவுல நிக்கிறவரைப் பாருங்க. கொழும்புல ரிக்‌ஷா இழுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தியாவுல இருந்து போன தமிழர்கள்.

கொழும்பு தாத்தா

இலங்கைக்குப் போன நம்ம ஆளுகன்னாலே மலையகத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அது பெரிய கதை, சோகமான கதை. ஆனா கொழும்பு நகரத்துக்கும் ஒரு கூட்டம் போச்சு. துறைமுகத்துல மூட்டை தூக்க, கரி சுமக்க, முனிசிபாலிட்டியில ரோடு கூட்ட, ரிக்‌ஷா இழுக்க. தூத்துக்குடியில இருந்து கப்பல்ல போனவங்க உண்டு. 1914ல தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல ரயிலோட இணைஞ்ச கப்பல் ஓட ஆரம்பிச்சதும் அந்த வழியாப் போனவங்க உண்டு. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகள்ல மழை பொய்ச்ச வருஷமெல்லாம் இந்தக் கூட்டம் கூடும். வானம் பாத்த பூமியில வேற என்ன வழி?

எங்க ஐயாவோட சித்தப்பா ஒருத்தரு இப்படிப் போனவரு. நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்ப அவருக்கு எண்பது வயசு பக்கம். ஊரே அவரைக் 'கொழும்புக்காரரு'ன்னுதான் கூப்பிடும். கெண்டைக்கால் மட்டும் அந்த வயசுலயும் கட்டை மாதிரி இருக்கும். செருப்பைச் 'சப்பாத்து'ன்னு சொல்லுவாரு, நாங்க சிரிப்போம்.

"தாத்தா, வெள்ளைக்காரன்கிட்ட எவ்வளவு வாங்குவீக?"ன்னு கேட்டா, உடனே தொகையைச் சொல்ல மாட்டாரு. "தொப்பியப் பாப்போம்லே"ம்பாரு. வெயிலுக்குப் போடுற அந்தக் கனத்த தொப்பியைப் பயணிங்க நிறையப் பேர் வர்ற வழியில போர்ட் சயீதுல வாங்கிக்கிட்டு வருவாங்களாம். தொப்பி பளபளன்னு புதுசா இருந்தா ஆளு கிழக்குக்குப் புதுசு. பழுப்பேறிப் போயிருந்தா இந்தப் பக்கம் பழகுன துரை, அவங்கிட்ட வாலாட்ட முடியாது. புதுத் தொப்பிக்கு ஒரு ரேட்டு, பழைய தொப்பிக்கு ஒரு ரேட்டு. இதைச் சொல்லிட்டுத் தாத்தா சிரிக்கிற சிரிப்பு இன்னும் கண்ணுல நிக்கிது.

ஆனா அடுத்ததா ஒண்ணு சொல்லுவாரு, அதுக்குச் சிரிக்க மாட்டாரு. "வண்டி நம்மளுது இல்லப்பா. கப்பல் வந்தாலும் வரலைன்னாலும் பொழுது சாஞ்சா முதலாளிக்கு வாடகை வைக்கணும். மூணு நாள் கப்பல் இல்லைன்னு வச்சுக்க, நாலாம் நாள் வர்றவன்தான் அந்த மூணு நாளுக்கும் சேத்துக் குடுக்கணும்."

துறைமுக வாடகையோட மொத்தப் பொருளாதாரமும் இந்த ஒரு வரியில இருக்கு. பயணி தன்னோட ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு குடுக்குறதா நினைக்கிறாரு. வண்டிக்காரர் காத்துக்கிடந்த நாளுக்கும் சேத்து வாங்கப் பாக்குறாரு. ரெண்டு பேரு கணக்கும் அவங்கவங்க இடத்துல சரி. ஒண்ணோட ஒண்ணு மட்டும் ஒத்துப் போகாது.

கட்டணப் பலகை யாருக்காக?

அரசாங்கம் கண்டுபிடிச்ச மருந்து, வில்லையும் பட்டியலும். வண்டிக்கு நம்பர், இழுக்கறவருக்கு வில்லை, இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு கட்டணப் பட்டியல். பயணிகளுக்கான கையேடுகள்லயும் அந்தப் பட்டியலை அச்சடிச்சிருப்பாங்க.

நம்ம பக்கத்துல இதுக்கு 1879லயே ஒரு சட்டம் இருக்கு: வாடகை வண்டிச் சட்டம். சென்னை மாகாணத்துக்குன்னு 1911ல தனியா ஒண்ணும் போட்டாங்க. அந்த 1879ஆம் வருஷச் சட்டத்தைப் படிச்சுப் பாத்தா ரொம்ப சுவாரசியமா இருக்கு. தூரத்துக்கு இவ்வளவு, நேரத்துக்கு இவ்வளவுன்னு உச்சவரம்பு வைக்கலாம். ஓட்டுறவர் நம்பர் போட்ட வில்லை அணியணும், கட்டணப் பட்டியலைக் கேட்டா காட்டணும்னு விதி செய்யலாம். எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது இது: நேரக் கணக்குல வாடகைக்கு எடுத்தா வண்டி குறைஞ்சபட்சம் எந்த வேகத்துல போகணும்னும் விதி வைக்கலாமாம்! பின்ன, மணிக்கு இவ்வளவுன்னு பேசிட்டா குதிரை ஏன் ஓடப் போகுது? மாட்டு வண்டி வேகத்துலதான் போகும். சட்டம் எழுதுன புண்ணியவான் நிச்சயம் ஒரு நாள் ஜட்காவுல மாட்டியிருப்பாரு.

தகராறு வந்தா என்ன செய்யணும்? அதுக்கும் வழி இருக்கு. பயணி, "என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டு போ"ன்னு வண்டிக்காரரைக் கேக்கலாம். அதே வண்டியில கோர்ட்டுக்குப் போயி மாஜிஸ்திரேட் முன்னாடி நின்னு தீத்துக்கலாம். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு மணிக்குக் கப்பல் கிளம்பப் போகுதுன்னா எந்தப் பயணி கோர்ட்டுக்குப் போவாரு? உள்ளூர்க்காரருக்கு உதவுன சட்டம், கப்பல்காரருக்குக் கைகுடுக்காமப் போனதுக்குக் காரணம் இதுதான். சட்டத்துக்கு நேரம் வேணும். அவர்கிட்ட இல்லாத ஒரே பொருள் அது.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தச் சட்டம் "இதுக்கு மேல கேக்காதே"ன்னு சொல்லுது. "இதுக்குக் கீழ குடுக்காதே"ன்னு சொல்லல. வண்டி முதலாளி ரிக்‌ஷாக்காரர்கிட்ட ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல வாடகை வாங்கக் கூடாதுன்னும் அதுல எதுவும் இல்லை. இறங்கி வர்றவருக்குத்தான் பலகை. இழுக்குறவருக்கு ஒரு பலகையும் வைக்கல. தாத்தா புதுத் தொப்பியைத் தேடுனதுல என்ன ஆச்சரியம்?

நம்ம ஆளே பயணியானப்போ

இதுவரைக்கும் வெள்ளைக்காரர் இறங்க, நம்மாளு இழுத்த கதை. காட்சி மாறின காலமும் ஒண்ணு உண்டு.

எஸ்.எஸ். ரஜுலான்னு ஒரு கப்பல். 1926ல கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்பப் போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர்னு 1970களின் தொடக்கம் வரைக்கும் போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. மேல்தட்டுல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே ஒரு வாரம் போன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேருன்னு கணக்கே இல்லை. அதுக்கப்புறம் அதே வழியில எம்.வி. சிதம்பரம் ஓடுச்சு. 1985 பிப்ரவரியில அதுல தீப்பிடிச்சுப் பல உயிர் போனதோட அந்தக் கப்பல் பயணமே முடிஞ்சுது.

ரஜுலாவுல சென்னை வந்து இறங்குறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் மலாயாவுல இருந்துட்டு, தகரப் பெட்டியும் மெத்தைச் சுருட்டுமா இறங்குறாரு. துறைமுக வாசல்ல கை ரிக்‌ஷா, ஜட்கா, டாக்சி. வந்தவர் கையில கடியாரம், மேல சென்ட் வாசனை. பேசுற தமிழ் ஒண்ணுதான், ஊரு கூடப் பக்கத்துப் பக்கத்து ஊராவே இருக்கும். ஆனாலும் எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஒரு 'மலாயா ரேட்டு' இருந்துச்சுன்னு எங்க பக்கத்துப் பெருசுகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. புதுத் தொப்பி இருந்த இடத்துல சிங்கப்பூர் சட்டை. நிறம், மொழி எல்லாம் இதுல அப்புறம்தான். அவசரத்துல இருக்குற வெளியூர்க்காரர், திரும்ப வராதவர்னு தெரிஞ்சாப் போதும்.

மீட்டர் வந்த கதையும் இதுக்குள்ளதான் இருக்கு. வில்ஹெல்ம் புரூன்ங்கற ஜெர்மானியர் 1891ல 'டாக்சிமீட்டர்' கண்டுபிடிச்சாரு. அந்தப் பேருல பாதிதான் இன்னைக்கு உலகம் பூராச் சொல்ற 'டாக்சி'. 1897லயே ஜெர்மனியில மீட்டர் வச்ச மோட்டார் வண்டி வாடகைக்கு ஓடுச்சு. பேரமே வேண்டாம், யந்திரம் சொல்லட்டும்னு ஏற்பாடு. நம்ம சென்னையில அந்த யந்திரம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 1970கள்ல கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு அரசு ஒழிச்சுது. மனுசனை மனுசன் இழுக்குற அந்தக் காட்சி போச்சு, நல்லது. சைக்கிள் ரிக்‌ஷா, அப்புறம் ஆட்டோ. 2013 ஆகஸ்ட்ல முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபான்னு அரசு கட்டணம் வச்சுது. அதுக்கப்புறம் எரிபொருள் விலை ஏறிக்கிட்டே இருக்க, அரசுக் கட்டணம் பல வருஷம் அதே இடத்துல நின்னுச்சு. மீட்டர் போடாததுக்கு ஓட்டுறவரை மட்டும் திட்டுறவங்க இந்தக் கணக்கையும் பாக்கணும். மறுபடியும் பாருங்க, உச்சவரம்பு இருக்கு; கீழ இருக்குறவர் செலவைக் கணக்குல எடுக்க ஆள் இல்லை.

இன்னைக்குக் கப்பல் ஏறுறவங்களுக்கு

சுற்றுலாக் கப்பல் இப்ப நம்ம பக்கத்துலயும் வந்தாச்சு. 2022 ஜூன்ல சென்னையில இருந்து ஒரு சொகுசுக் கப்பல் கிளம்புச்சு. 2023 ஜூன்ல அதே எம்.வி. எம்ப்ரஸ் சென்னையில இருந்து இலங்கைக்குப் போச்சு: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. போரால பல காலம் முடங்கிக் கிடந்த காங்கேசன்துறையில சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கினாங்கங்கறதே பெரிய செய்திதான். சிங்கப்பூர்ல இருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போற கப்பல்ல நம்மூர்க் குடும்பங்களும் போறாங்க. அவங்களுக்கு, மேல சொன்ன கதையில இருந்தே நாலு விஷயம்.

முதல்ல நேரம். கப்பல்ல ஓடுற கடியாரமும் ஊர்க் கடியாரமும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். ஆனா தாய்லாந்து சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. புக்கெட்ல இறங்கி, செல்போன் தானா நேரத்தை மாத்திக்கிட்டதைக் கவனிக்காமச் சுத்துனா, நீங்க திரும்பி வர்றப்போ கப்பல் கடல்ல புள்ளியாத் தெரியும். கப்பல் நேரம் என்னன்னு இறங்குறப்பவே கேட்டு, ஒரு கைக்கடியாரத்துல வச்சுக்குங்க. கப்பல் கம்பெனியே கூட்டிட்டுப் போற சுற்றுலான்னா பெரும்பாலும் காத்திருப்பாங்க. தனியாப் போனவருக்குக் காத்திருக்கணும்னு கட்டாயம் இல்லை.

ரெண்டாவது, வண்டி வேணுமான்னே முதல்ல பாருங்க. பினாங்குல கப்பல் நிக்கிறது ஜார்ஜ் டவுனுக்குள்ளயேதான். கோர்ன்வாலிஸ் கோட்டையும் லிட்டில் இந்தியாவும் நடந்தே போற தூரம். வாசல்ல மொய்க்கிறவங்களுக்கு ஒரு வணக்கத்தைப் போட்டுட்டு நடையைக் கட்டலாம். போர்ட் கிள்ளான் அப்படி இல்லை. கோலாலம்பூர் நாப்பது கிலோமீட்டர் பக்கம், டிராபிக் வேற. அங்க வண்டி இல்லாம முடியாது, போக வர நேரத்தையும் தாராளமாப் போட்டுக்கணும்.

மூணாவது, பேசுறதைத் தெளிவாப் பேசுங்க. ஆளுக்கா, வண்டிக்கா? போறதுக்கு மட்டுமா, திரும்பவும் கொண்டு வந்து விடுறதுக்குமா? காத்திருக்கறதுக்கு எவ்வளவு? எந்த நாட்டுக் காசு? இதெல்லாம் வண்டி நகர்றதுக்கு முன்னாடி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே குடுக்க வேண்டாம். திரும்பக் கப்பல் வாசல்ல இறங்கினப்புறம் பாக்கி. கோர்ட்டுக்குப் போக முடியாத பயணிக்கு அந்தப் பாக்கிப் பணம்தான் சட்டம்.

நாலாவது, ஆப். மலேசியாவுல கிராப், இலங்கையில பிக்மீ. பழைய கட்டணப் பலகையும் வில்லை நம்பரும் போனுக்குள்ள வந்து உக்காந்திருக்குன்னு வச்சுக்கலாம். யாரு ஓட்டுனாங்க, எவ்வளவு வாங்கினாங்கன்னு அது மறக்காது. ஒரு நாள் உறவை நிரந்தர உறவு மாதிரி ஆக்கிக் காட்டுது. அந்த வகையில நம்மூர் டீக்கடை செய்யற வேலையைத்தான் அதுவும் செய்யுது. வாங்குற காசுல பாதி கமிஷனாப் போயிடக் கூடாதுங்கறது ஓட்டுறவர் கவலை. முதலாளிக்குச் சாயங்காலம் வாடகை வச்ச தாத்தாவோட கவலைதான் அது, பேரு மாத்தி.

கடைசியா

1939 ஆகஸ்ட்ல, உடலுழைப்பு வேலைக்காக இலங்கைக்குப் போறதை இந்திய அரசு தடை செஞ்சுது. கொழும்புல அரசாங்க வேலையில இருந்த இந்தியர்களை நீக்கினதுக்குப் பதில் நடவடிக்கை அது. ஊருக்கு வந்திருந்த எங்க கொழும்பு தாத்தா அதோட திரும்பிப் போகவே இல்லை. அங்க இருந்த வண்டியும் வில்லையும் வேற யாருக்கோ போயிருக்கும். சுதந்திரத்துக்கப்புறம் கொழும்புல ரிக்‌ஷாவே கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு போச்சு.

கப்பல்ல போற யாரும் ஏமாறணும்னு நான் சொல்லல. நல்லாப் பேரம் பேசுங்க, பாக்கியைக் கையில வச்சுக்குங்க, கடியாரத்தைப் பாத்துக்குங்க. பேசி முடிச்சுக் காசு குடுக்கறப்போ, "இன்னைக்கு எத்தனையாவது சவாரிண்ணே?"ன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. கொழும்புல, காங்கேசன்துறையில, பினாங்குல, நிறைய இடத்துல பதில் தமிழ்லயே வரும். நீங்கதான் அன்னைக்கு முதல் சவாரின்னா, அந்த ரேட்டு ஏன் அப்படி இருந்துச்சுன்னு தானாப் புரிஞ்சிடும்.